குட்டிக் குதிரைப்படைக்கு நிறம் பிரிப்பது எப்படி? வாட்டர்லூ 1815-க்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பன்னிரண்டு குதிரைக்கும் ஒரே பழுப்பை அடித்து வரிசையாக நிறுத்தினால், அச்சில் வார்த்த பொம்மை என்பது பத்தடி தள்ளி நின்றாலே தெரிந்துவிடும். அதற்குப் பயந்து ஆளுக்கொரு நிறம் கொடுத்தால் படைப்பிரிவு மாட்டுச்சந்தை ஆகிவிடும். உண்மையான ரெஜிமென்ட் இரண்டுக்கும் நடுவில் இருந்தது. நிறங்கள் குறைவு, ஒவ்வொரு நிறத்துக்குள்ளும் சாயல்கள் அதிகம். இதைப் பிடித்துவிட்டால் பிரஷ் வேலை பாதி முடிந்த மாதிரி.

இங்கே எடுத்துக்கொள்ளும் களம் 1815 ஜூன் 18, நெப்போலியன் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூ. பொம்மையின் அளவு 28 மி.மீ., பிரிவுக்கு 12 குதிரை. 15 மி.மீ. அளவில் செய்பவர்கள் வண்ணப் படிகளைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். நிறம் பிரிக்கும் முறை அதேதான்.

நான்கு நிறம் தெரிந்தால் போதும்

குதிரை முடியில் இருப்பது இரண்டே சாயம்: கறுப்பு, சிவப்பு. ஒரு மரபணு கறுப்புச் சாயம் உண்டாகலாமா கூடாதா என்று தீர்மானிக்கிறது. இன்னொன்று அந்தக் கறுப்பு உடம்பு முழுக்கப் பரவுமா, ஓரங்களில் மட்டும் நிற்குமா என்று தீர்மானிக்கிறது. இந்த இரண்டு முடிவிலிருந்துதான் அடிப்படை நிறங்கள் வருகின்றன. அவற்றைச் சொல்லக் காங்கேயம் மாட்டுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களே கைகொடுக்கும்.

செஸ்ட்நட் என்பது நம் செவலை. கறுப்பு முடி எங்குமே கிடையாது. பிடரியும் வாலும் உடம்பின் நிறத்திலேயே இருக்கும், அல்லது அதைவிட வெளிறியிருக்கும். காலும் உடம்பின் நிறம்.

பே என்பது கருங்கால் செவலை. உடம்பு சிவந்த பழுப்பு. பிடரி, வால், காதின் ஓரம், கால்களின் கீழ்ப்பாதி எல்லாம் கறுப்பு. குதிரைப்படைகளில் அதிகம் கண்ணில் படுவது இதுதான். உடம்பு கறுப்பை ஒட்டும் அளவு அடர்த்தியாக இருந்தாலும், மூக்கைச் சுற்றியும் விலாவின் பின்முனையிலும் பழுப்பு எட்டிப் பார்த்தால் அது அடர் பே, முழுக் கறுப்பான காரி அல்ல.

காரிக்கு விளக்கம் வேண்டாம். ஆனால் வெயிலில் நிற்கும் காரி செம்பழுப்பாக வெளுக்கும் என்பதை மனதில் வையுங்கள்.

மயிலை எனும் சாம்பல் நிறம்தான் குழப்பும். சாம்பல் குதிரை சாம்பலாகப் பிறப்பதில்லை. பிறக்கும்போது செவலையாகவோ பே நிறமாகவோ காரியாகவோ இருந்து, வயது ஏற ஏற வெளுத்துக்கொண்டே போகும். காங்கேயம் கன்று சிவப்பாகப் பிறந்து ஆறு மாதத்தில் மயிலைக்கு மாறுவது போலத்தான், குதிரைக்கு அதற்குப் பல வருடம் பிடிக்கும். முகம் முதலில் வெளுக்கும். பிடரி, வால், காலின் மூட்டுகள் கடைசிவரை கறுத்திருக்கும். உள்ளே தோல் கறுப்பு, அதனால் முடி முழுக்க வெளுத்த கிழ மயிலைக்கும் மூக்கும் கண்ணோரமும் கறுப்பாகவே இருக்கும்.

இந்த நாலைந்து வரியைப் படிக்காததால் வரும் பிழைதான் மேசைகளில் அதிகம்: சிவந்த உடம்பு, கறுத்த பிடரி, ஆனால் பழுப்புக் கால். அப்படி ஒரு குதிரை இல்லை. பிடரி கறுப்பு என்றால் காலும் கறுப்பு. கால் சிவப்பு என்றால் பிடரியில் கறுப்பை வைக்காதீர்கள்.

படி 1: ரெஜிமென்ட்டைக் கேளுங்கள்

வண்ணப் புட்டியைத் திறக்கும் முன் அந்தப் படைப்பிரிவுக்கு நிற விதி இருந்ததா என்று பாருங்கள். பிரிட்டிஷ் பக்கம் இரண்டு விஷயம் உறுதி. லைஃப் கார்ட்ஸ் ரெஜிமென்ட்டுகளும் ராயல் ஹார்ஸ் கார்ட்ஸும் காரியில் ஏறின. இரண்டாவது டிரகூன் குதிரைப்படைப் பிரிவான ஸ்காட்ஸ் கிரேஸ், பெயரிலேயே இருக்கிறபடி, மயிலையில் ஏறினார்கள். வாட்டர்லூவில் இல்லாத குவீன்ஸ் பேஸும் தம் குதிரை நிறத்தாலேயே பெயர் பெற்றவர்கள். நெப்போலியன் பக்கம் காவல்படையின் குதிரை கிரனேடியர்களுக்குக் காரி. ரஷ்யக் காவல்படை இன்னும் கறார்: ஷெவாலியே கார்ட் பே நிறக் குதிரையிலும், ஹார்ஸ் கார்ட் காரியிலும் என்று ரெஜிமென்ட் வாரியாகப் பிரித்து வைத்திருந்தது.

மற்ற சாதாரண ரெஜிமென்ட்டுகளில் நிறம் கலந்திருக்கும். 1815-இல் பிரெஞ்சு குயிராசியர்களின் (மார்புக் கவசம் அணிந்த கனரகக் குதிரைவீரர்கள்) நிலை இதற்கு நல்ல உதாரணம். மார்ச்சில் நாடுகடத்தலிலிருந்து திரும்பி வந்த நெப்போலியனுக்கு மூன்று மாதத்தில் ஒரு படை வேண்டியிருந்தது. இரும்புக் கவசம் போட்ட ஆளைச் சுமக்க உயரமான, கனத்த குதிரை தேவை. அதற்காக ஜாந்தர்மரி காவலர்களின் குதிரைகளையே எடுத்தார்கள். அந்த அவசரத்தில் நிறம் பார்த்துப் பொறுக்க யாருக்கு நேரம்? ஆகவே இந்தப் பிரிவில் அடர் பே, நடு பே, செவலை, காரி எல்லாம் கலந்து வைப்பது தவறே இல்லை. ஆனால் 1815 குயிராசியர் அனைவரையும் பளபளக்கும் காரியில் ஏற்றினால் காவல்படையையும் இவர்களையும் குழப்பிக்கொண்டதாக ஆகும்.

எக்காளக்காரர் தனி. பல நாட்டுப் படைகளிலும் அவர் மயிலையில் ஏறினார். புகையும் தூசியுமாக இருக்கும் களத்தில் தளபதி திரும்பிப் பார்த்தவுடன் எக்காளம் யாரிடம் இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்பதே காரணம். பிரெஞ்சு பிரிவுகளில் வீரர்களின் சேணத்தில் வெள்ளை ஆட்டுத்தோல், எக்காளக்காரருக்குக் கறுப்பு ஆட்டுத்தோல் என்று வைப்பது வழக்கம்; வெளுத்த குதிரை மேல் அந்தக் கறுப்பு எடுப்பாகத் தெரியும். சாதாரண வீரனுக்கு மயிலை கொடுத்துவிட்டால் எக்காளக்காரரின் தனித்துவம் போய்விடும். வரலாற்றுக்கும் அழகுக்கும் இரண்டுக்குமே அது இழப்பு.

அதிகாரிகள் தங்கள் குதிரையைத் தாங்களே காசு கொடுத்து வாங்கினார்கள், அதனால் அவர்கள் விதியை மீறலாம். அன்று பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் ஏறியிருந்த கோபன்ஹேகன் ஒரு செவலை. நெப்போலியனுடையது என்று சொல்லப்படும் மாரெங்கோ மயிலை. அதன் எலும்புக்கூடு லண்டனில் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடு பே நிறைந்த பிரிவில் அதிகாரிக்கு மட்டும் பளிச்சென்ற செவலை கொடுத்தால் கண் தானாக அவரிடம் போகும்.

படி 2: காகிதத்தில் பிரித்துவிடுங்கள்

குதிரையைக் கையில் வைத்துக்கொண்டு "இதுக்கு என்ன அடிக்கலாம்" என்று யோசித்தால் கை தானாகவே உங்களுக்குப் பிடித்த ஒரே பழுப்புக்குப் போகும். ஒட்டும் குச்சியில் 1 முதல் 12 வரை எண் எழுதி, காகிதத்தில் ஒவ்வொன்றுக்கும் நிறம், சாயல், முகக்குறி, வெளுத்த கால், குளம்பு என்று ஐந்து கட்டம் போடுங்கள். நிற விதி இல்லாத சாதாரண ரெஜிமென்ட்டுக்கு நாங்கள் பரிந்துரைக்கும் கணக்கு:

- நடு பே: 4
- அடர் பே: 3
- வெளிர் பே: 1
- சிவந்த செவலை: 1 (அதிகாரிக்கு)
- ஈரல் நிறச் செவலை: 1
- காரி: 1
- மயிலை: 1 (எக்காளக்காரருக்கு)

ஸ்காட்ஸ் கிரேஸுக்கு 12-ம் மயிலை. அங்கே சாயலைப் பிரிப்பது வயதால்: இரும்புச் சாம்பலில் 2, வட்டப்புள்ளி போட்டது 5, வெளுத்தது 4, செம்புள்ளி தெளித்த கிழடு 1. லைஃப் கார்ட்ஸுக்கு 12-ம் காரி. அதில் 8 குளிர்ந்த கறுப்பு, 4 வெயிலில் வெளுத்த கறுப்பு.

ஒரே உடல்நிலையில் வார்க்கப்பட்ட குதிரைகள் இரண்டு மூன்று பெட்டியில் இருக்கும். அவற்றுக்கு ஒரே சாயல் போகாமல் பாருங்கள். தலையைத் திருப்பி ஓடும் இரண்டு குதிரையும் நடு பே என்றால், ஒன்றின் நெற்றியில் நட்சத்திரம் வைத்தாலும் இரட்டைப்பிள்ளை போலத்தான் தெரியும்.

பொன்னிற உடம்பும் வெளிர் பிடரியும் கொண்ட பாலோமினோ, கறுப்பு வெள்ளைத் திட்டுக் குதிரை, மணல் நிற டன் இவையெல்லாம் வரிசைப் படையில் வேண்டாம். ரஷ்யக் கோசாக் வீரர்களின் சிறு குதிரைகளுக்கு டன் பொருந்தும். திட்டுக் குதிரை அழகாக இருக்கிறதே என்று ஆசை வரும். ஒரு பிரிவில் ஒன்று வைத்தாலும் கண் வேறெங்கும் போகாது.

படி 3: தயாரிப்பு

பிளாஸ்டிக் குதிரை இரண்டு பாதியாக வரும். முதுகு, கழுத்தின் மேல், வயிற்றின் கீழ் ஓடும் ஒட்டுக்கோட்டை அரத்தால் தேய்த்து, மீதி இடுக்கை நிரப்பும் பசையால் (putty) அடையுங்கள். வாஷ் (பள்ளங்களில் தேங்கி நிழல் தரும் நீர்த்த வண்ணம்) போட்ட பிறகு இந்தக் கோடு கறுப்பு நூல் மாதிரி எழுந்து நிற்கும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது. உலோக வார்ப்பு என்றால் பாத்திரம் கழுவும் சோப்பில் பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்த்துங்கள்.

ஆளையும் குதிரையையும் தனித்தனியாகக் குச்சியில் ஒட்டுவது நல்லது. ஆளின் தொடைக்கும் சேணத்துக்கும் நடுவில் பிரஷ் போகாது. சேணத்தில் ஆள் உட்காரும் இடத்தில் வண்ணம் படாமல் மறைக்க ஒரு சொட்டு மாஸ்கிங் களிமண் வைத்துவிட்டால் கடைசியில் பசை பிளாஸ்டிக்கையே பிடிக்கும். வண்ணத்தின் மேல் ஒட்டிய ஆள் விளையாட்டு நடுவில் கழன்று விழுவார்.

பிரைமரின் (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) நிறம் மேலே வரும் நிறத்தை மாற்றும். பே, செவலைக்கு வெளிர் பழுப்பு அல்லது எலும்பு நிறம். மயிலைக்கு வெளிர் சாம்பல். காரிக்குக் கறுப்பு. ஸ்ப்ரே பிரைமரைச் சென்னை போன்ற கடலோர ஊரில் மழைக்காலத்து மாலையில் அடித்தால் காற்றின் ஈரம் சேர்ந்து மணல் தூவினாற்போல் சொரசொரப்பு வந்துவிடும். காலை பத்து மணிக்கு மேல், வெயில் வந்த பிறகு, 20 முதல் 25 செ.மீ. தள்ளி, இரண்டு மெல்லிய பூச்சாக அடியுங்கள். மழை நிற்கவில்லையா, பிரஷால் பூசும் பிரைமரை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: பே குதிரை

கீழே வரும் பெயர்கள் வயேஹோ (Vallejo) நிறுவனத்தின் மாடல் கலர் வரிசையில் உள்ளவை. வேறு பிராண்டில் அதே சாயல் கிடைத்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

நடு பேக்கு மஹோகனி பிரவுன் 70.846 அடிவண்ணம். மூன்று சொட்டு வண்ணத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணீர், இரண்டு பூச்சு. காய்ந்ததும் சிட்டாடல் அக்ராக்ஸ் எர்த்ஷேட் வாஷ். குதிரையின் உடம்பு அகலமாக இருப்பதால் வாஷ் வயிற்றின் அடியில் குளம் கட்டும். பூசிய முப்பது விநாடிக்குள் துடைத்த காய்ந்த பிரஷால் அந்தக் குளத்தை உறிஞ்சி எடுங்கள். விட்டுவிட்டால் தேநீர்க் கறை மாதிரி விளிம்பு வரும்.

அடுத்து மேடு, அதாவது ஒளி படும் புடைப்புகளில் வைக்கும் வெளிர் சாயல். மஹோகனி இரண்டு பங்கு, ஆரஞ்சு பிரவுன் 70.981 ஒரு பங்கு. கழுத்துத் தசை, தோள், தொடையின் மேல் வளைவு, முழங்காலுக்கு மேலே உள்ள முன்கைத் தசை இங்கெல்லாம் வையுங்கள். இதை டிரை பிரஷ் (வண்ணத்தைத் துடைத்த பிரஷால் மேலோட்டமாகத் தேய்ப்பது) செய்ய வேண்டாம். குதிரையின் தோல் எண்ணெய் தேய்த்த மாதிரி பளபளக்கும். டிரை பிரஷ் அதன்மேல் மாவு பூசினாற்போல் ஆக்கிவிடும். டிரை பிரஷ் பிடரிக்கும் வாலுக்கும் மட்டுமே.

கடைசியில் கறுப்பு ஓரங்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கறுப்பையும் ஜெர்மன் கமஃப்ளாஜ் பிளாக் பிரவுன் 70.822-ஐயும் சமமாகக் கலந்து, குளம்பின் மேலிருந்து ஆரம்பியுங்கள். முன்னங்காலில் முழங்கால்வரை, பின்னங்காலில் பின்னோக்கி மடங்கும் மூட்டுவரை ஏறட்டும். மேல் விளிம்பை நேர்க்கோடாக வெட்டினால் கறுப்பு ஸ்டாக்கிங் போட்டுவிட்ட மாதிரி இருக்கும். அதே கலவையில் தண்ணீர் சேர்த்து, நுனிப் பிரஷால் மேல்நோக்கிச் சின்னச் சின்னக் கோடாக இழுத்து உடம்பு நிறத்தில் கரையவிடுங்கள். முழங்காலின் முன்பக்கம் கறுப்பு சற்று உயரமாகவும், உள்பக்கம் தாழ்வாகவும் இருந்தால் இயல்பாகத் தெரியும். காதின் விளிம்பில் ஒரு கோடு, மூக்கு நுனியில் மங்கலான கறுப்பு, பிடரியும் வாலும் முழுக்க. பிறகு ஜெர்மன் கிரே 70.995 கொண்டு பிடரியில் சில இழைகள், முழங்கால் எலும்பின் மேல் ஒரு தொடுதல்.

அடர் பேக்கு 70.822-ஐ அடிவண்ணமாக்கி, மேட்டுக்கு அதில் மஹோகனி சேர்த்து, மூக்கு, கண்ணோரம், விலாவின் பின்முனை, தொடையின் உள்பக்கம் ஆகிய இடங்களில் மட்டும் பெய்ஜ் பிரவுன் 70.875-ஐ மெல்லிய கிளேஸாக (அடிநிறம் தெரியும் பூச்சு) வையுங்கள். இந்த நாலு இடத்துச் சூடுதான் அதைக் காரியிலிருந்து பிரிக்கிறது. வெளிர் பேக்கு பெய்ஜ் பிரவுனும் ஆரஞ்சு பிரவுனும் சமபங்கு.

படி 5: செவலை

கேவல்ரி பிரவுன் 70.982 அடிவண்ணம், மேட்டுக்கு ஆரஞ்சு பிரவுன். பேருக்கு ஏற்ற வண்ணம்தான், ஆனால் புட்டியிலிருந்து அப்படியே எடுத்தால் செங்கல் மாதிரி இருக்கும். மூன்று பங்குக்கு ஒரு பங்கு பர்ன்ட் அம்பர் 70.941 சேர்த்துக் கொஞ்சம் அடக்குங்கள். ஈரல் நிறச் செவலைக்கு அந்தக் கணக்கைத் தலைகீழாக்கி, அம்பர் மூன்று பங்கு, கேவல்ரி பிரவுன் ஒரு பங்கு. பிடரியை உடம்பு நிறத்திலேயே விடலாம். ஒன்றிரண்டுக்கு மட்டும் பெய்ஜ் பிரவுனில் ஆரம்பித்து டெக் டான் 70.986 இழையோடு முடித்தால் வைக்கோல் நிறப் பிடரி கிடைக்கும். பிரிவில் ஒன்றுக்கு மேல் அப்படி வேண்டாம்.

படி 6: காரி

சுத்தக் கறுப்பை அடித்தால் குதிரை ஓட்டை மாதிரி தெரியும். தசை எல்லாம் மறைந்துவிடும். கறுப்பு மூன்று பங்கு, 70.822 ஒரு பங்கு அடிவண்ணம். குளிர்ந்த காரிக்கு ஜெர்மன் கிரேயால் மேடு, அதுவும் உடம்பின் கால்வாசிப் பரப்புக்கு மிகாமல். அதிகமானால் கறுப்பு போய் ஈயச் சாம்பல் வந்துவிடும், பிறகு மயிலைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. வெயிலில் வெளுத்த காரிக்கு மேட்டில் சாம்பலுக்குப் பதில் மஹோகனியை மிக மெல்லியதாக, விலாவிலும் பிடரியின் நுனியிலும் மட்டும். லைஃப் கார்ட்ஸ் பிரிவில் எட்டுக்கு நாலு என்று சொன்னது இதற்காகத்தான். வரிசையில் கலந்து நிறுத்தினால் பன்னிரண்டும் காரியாகவே தெரியும், ஆனால் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது.

படி 7: மயிலை

இரும்புச் சாம்பல்: ஜெர்மன் கிரே அடி, உடம்பில் லண்டன் கிரே 70.836 மேடு, முகத்தை மட்டும் இன்னும் ஒரு படி வெளுக்கவிடுங்கள். பிடரி, வால், கால் கறுப்பு.

வெளுத்தது: மீடியம் சீ கிரே 70.870 அடி, மேலே ஐவரி 70.918. சுத்த வெள்ளையைக் கடைசி மேட்டுக்குக்கூடத் தொடாதீர்கள். பிரிட்டிஷ் வீரரின் குறுக்குப் பட்டை வெள்ளை. குதிரையும் அதே வெள்ளை என்றால் பட்டை கரைந்துவிடும். வெள்ளை வண்ணங்கள் சுண்ணாம்பு போல் பொரிந்து நிற்கும் குணமுடையவை, அதனால் ஒரே கனமான பூச்சுக்குப் பதில் நாலு மெல்லிய பூச்சு.

வட்டப்புள்ளிதான் எல்லோரும் பயப்படும் வேலை. உண்மையில் புள்ளி என்பது வெளிர் வட்டம். அதைச் சுற்றி வலைபோல் ஓடுவதுதான் அடர் சாம்பல். எனவே கறுப்புப் புள்ளி வைக்கக் கூடாது, அப்படி வைத்தால் சிறுத்தை வந்துவிடும். லண்டன் கிரே அடியின் மேல், மீடியம் சீ கிரேயில் கொஞ்சம் ஐவரி கலந்து, தேய்ந்த 0 எண் பிரஷின் நுனியால் தொட்டுத் தொட்டு வையுங்கள். ஒரு பக்கத் தொடைக்குப் பதினைந்து இருபது போதும், விலாவுக்கு அதில் பாதி, தோளுக்கு அதற்கும் குறைவு. கழுத்துக்கும் காலுக்கும் வேண்டாம். வரிசையாக விழுந்தால் துணிக் கடை அச்சு மாதிரி ஆகும். இரண்டு மூன்று ஒன்றோடொன்று ஒட்டட்டும். காய்ந்த பின் லண்டன் கிரே ஒரு பங்குக்குக் கிளேஸ் மீடியம் ஆறு பங்கு கலந்து முழுப் பரப்பின் மேலும் ஒருமுறை ஓட்டினால் புள்ளிகள் தோலுக்குள் இறங்கிவிடும். இந்தக் கிளேஸ் இல்லாமல் விட்டவைதான் ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி நிற்கின்றன.

செம்புள்ளிக் கிழடுக்கு, வெளுத்த குதிரையின் கழுத்திலும் முகத்திலும் கேவல்ரி பிரவுனைத் தண்ணீராக்கி, பழைய பல் பிரஷை விரலால் சுண்டித் தெளித்தால் போதும். முதலில் காகிதத்தில் சுண்டிப் பாருங்கள்.

படி 8: வெள்ளைக் குறிகள்

கை தளர்ந்தால் கெட்டுப்போவது இங்கேதான். எல்லாக் குதிரைக்கும் நெற்றி முதல் மூக்குவரை பட்டை, நாலு காலுக்கும் வெள்ளைச் சாக்ஸ் என்று போனால் சர்க்கஸ் குதிரைகள். பன்னிரண்டில் ஐந்துக்கு முகத்தில் ஒன்றுமே வேண்டாம். மூன்றுக்கு நெற்றியில் நட்சத்திரம், இரண்டுக்கு மெல்லிய கோடு, ஒன்றுக்கு நட்சத்திரமும் மூக்கு நுனியில் ஒரு சொட்டும், ஒன்றுக்கு மட்டும் அகலப் பட்டை. கால்களில் பாதிக் குதிரைகளுக்கு வெள்ளையே இல்லை; மீதிக்கு ஒன்று அல்லது இரண்டு, அதுவும் முன்னங்காலைவிடப் பின்னங்காலில் அதிகம். செவலைக்கு வெள்ளை தாராளமாக வரும், பேக்குக் குறைவு. மயிலைக்குக் குறியே தேவையில்லை, எப்படியும் தெரியாது.

நட்சத்திரத்தை ஒரே தொடுதலில் வெள்ளையாக வைக்காமல், முதலில் சாம்பலில் சற்றுப் பெரிதாக, பிறகு ஐவரியில் சற்றுச் சிறிதாக வையுங்கள். முடி நுனி கலந்த ஓரம் கிடைக்கும். கடிவாளத்தின் நெற்றிப்பட்டைக்குக் கீழே, இரண்டு கண்களையும் இணைக்கும் கோட்டுக்கு நடுவில் அதன் இடம்.

வெள்ளைக் குறி மூக்கைத் தொட்டால் அந்த இடத்துத் தோல் இளஞ்சிவப்பு. தொடாவிட்டால் மூக்கு கறுப்பு. வெள்ளை காலில் குளம்புவரை இறங்கினால் அந்தக் குளம்பு மட்டும் கொம்பு நிறம், டெக் டானும் பழுப்பும் கலந்தது. மற்றதெல்லாம் அடர் சாம்பல் பழுப்பு. தூக்கிய காலின் அடியில் லாடம் தெரியும்: இரும்பு நிறத்தில் ஒரு வளைவு, பின்பக்கம் திறந்தபடி. கண்ணுக்கு 70.822, மேலே ஊசிமுனையளவு ஐவரி ஒரு புள்ளி. கண்ணைச் சுற்றி வெள்ளை வைத்தால் குதிரை பேயைக் கண்டதுபோல் முழிக்கும்.

சேணமும் சீருடையும்

குதிரைக்கு நிறம் தேர்ந்தெடுக்கும்போது மேலே உட்காருபவரின் கால்சட்டையையும் பாருங்கள். அடர் நீல உடை, காரிக் குதிரை, கறுப்புக் கடிவாளம் மூன்றும் சேர்ந்தால் மேசையில் ஒரு கறுப்புத் திட்டுதான் மிஞ்சும். விதி கட்டாயப்படுத்தாவிட்டால் அந்த ஆளை நடு பேயில் ஏற்றுங்கள். விதி கட்டாயப்படுத்தினால் தோல்பட்டைகளின் விளிம்பில் லண்டன் கிரேயால் கோடு இழுத்துப் பிரியுங்கள். பிரிட்டிஷ் சிவப்புக் கோட்டுக்கு மயிலையும் காரியும் அபாரம். சிவந்த செவலை மேல் சிவப்புக் கோட்டு சோர்ந்துபோகும்.

அவசரக்காரர்களுக்கு இரண்டு குறுக்குவழி

ஒன்று, ஒரே பூச்சில் நிழலும் ஒளியும் தரும் கான்ட்ராஸ்ட் வண்ணம். எலும்பு நிறப் பிரைமர் மேல் சிட்டாடல் கோர்-கிரண்டா ஃபர் ஒரு பூச்சு சிவந்த பேக்கு, சைகோர் பிரவுன் அடர் பேக்கு. கறுப்பு ஓரங்களை மேலே சொன்னபடி சேருங்கள். பன்னிரண்டும் ஒரே மாலையில் முடியும்.

இன்னொன்று எண்ணெய் வண்ணம், எங்கள் விருப்பம் இதுதான். ஓவியப் பொருள் கடையில் கிடைக்கும் கேமல் ஆயில் கலர் ட்யூபே போதும். வெளிர் ஆரஞ்சு பழுப்பு அக்ரிலிக் அடி, மேலே பளபளப்பு வார்னிஷ், ஒரு நாள் காயட்டும். பர்ன்ட் அம்பரை டர்பன்டைனில் லேசாக இளக்கி முழுக்கப் பூசி, பத்து பதினைந்து நிமிடம் கழித்து மேக்கப் ஸ்பாஞ்சால் தசை மேடுகளிலிருந்து துடைத்தெடுங்கள். பள்ளத்தில் நிற்பது நிழல், துடைத்த இடம் ஒளி. செவலைக்கு அம்பருக்குப் பதில் பர்ன்ட் சியன்னா. அம்பரில் உள்ள மாங்கனீசு அதைச் சீக்கிரம் உலரச் செய்யும், இரண்டு மூன்று நாளில் தொடலாம். ஐவரி பிளாக்குக்கு ஒரு வாரமும் போதாமல் போகும். கறுப்பு ஓரங்களை எண்ணெயில் வைக்காமல், அம்பர் காய்ந்த பின் அக்ரிலிக்கில் வையுங்கள். ஈர எண்ணெய் மேல் அக்ரிலிக் பூசினால் சில வாரத்தில் வெடிப்பு விடும். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்து உலர்த்துங்கள்.

வார்னிஷும் சேறும்

முதலில் ஒரு பூச்சு பளபளப்பு வார்னிஷ், கை படும் இடங்களைக் காக்க. அதன்மேல் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ். முழுக்க மேட் வார்னிஷாக விட்டால் குதிரை மண்பொம்மை போலத் தெரிவதால், காரிக்கும் அடர் பேக்கும் மட்டும் தோளிலும் தொடையிலும் அரைப் பளபளப்பான சாட்டின் வார்னிஷைப் பிரஷால் தடவலாம். கண்ணுக்கும் மூக்குத் துவாரத்துக்கும் ஒரு சொட்டுப் பளபளப்பு.

வாட்டர்லூவுக்கு முந்தின இரவு முழுக்க மழை. காலையில் நிலம் சேறாக இருந்தது, அதனால் அடித்தளத்துக்கு எந்த மண் நிறம் வைத்தீர்களோ அதே நிறத்தைக் கிழித்த ஸ்பாஞ்சுத் துண்டில் தொட்டு, குளம்பிலிருந்து முழங்கால்வரை ஒற்றுங்கள். பின்வரிசைக் குதிரைகளுக்கு வயிற்றின் அடிவரைக்கும். வெள்ளைச் சாக்ஸ் வைத்த கால்களில் கை கொஞ்சம் அடங்கட்டும், இல்லாவிட்டால் அந்தக் கால் மணி நேர வேலை சேற்றுக்குள் போய்விடும்.